அம்மாவைத் தாங்கினால் வைத்தியம் பாதியில் நிற்காது

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மேடைப் பேச்சு பழக்கம் இல்லை. "சேமிப்பு, கடன் பத்தி எல்லாரும் பேசறாங்க. நீ உங்க வீட்டுல பார்த்ததைப் பேசு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. அதனால புற்றுநோய் வந்த குழந்தையை வச்சிருக்கிற வீட்டைப் பத்திப் பேச வந்திருக்கேன். குழந்தையின் நோயைப் பத்தி டாக்டருங்க நல்லா சொல்வாங்க. அந்தக் குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு பஸ் ஏறுறவளைப் பத்தி நாமதான் பேசணும்.

என் தங்கச்சி மகளுக்கு அஞ்சரை வயசுல ரத்தப் புற்றுநோய்னு சொன்னாங்க. தங்கச்சியும் நானும் ஒரே ஊர்ல வாக்கப்பட்டவங்க. ஒரே குழு. அவகிட்ட கேட்டு, "சொல்லுக்கா, நாலு பேருக்கு உதவட்டும்"னு அவ சொன்ன பிறகுதான் இங்க சொல்றேன்.

முதல்ல இந்த நோயோட கணக்கைச் சொல்லிடறேன். குழந்தைகளுக்கு வர்ற புற்றுநோயில ரத்தப் புற்றுநோய்தான் அதிகம். அதுல அதிகமா வர்ற வகைக்கு வைத்தியம் ஒரு மாசம், ரெண்டு மாசத்துல முடியறதில்லை. ரெண்டுல இருந்து மூணு வருஷம் ஆகும். எங்க பொண்ணுக்கு முதல் மாசம் பூரா ஆஸ்பத்திரியிலேயே போச்சு. அப்புறம் எட்டு மாசம் போறதும் வர்றதுமா ஊசி மருந்து. முதுகுத் தண்டுலயும் ஊசி போடுவாங்க. அதுக்கப்புறம் வீட்டுலயே தினமும் ராத்திரி மாத்திரை, மாசாமாசம் ரத்தப் பரிசோதனை. மாத்திரை ஒரு நாள்கூட தவறக் கூடாது.

நல்ல சேதியும் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்குப்படி, வசதியான நாடுகள்ல புற்றுநோய் வந்த 100 குழந்தைகள்ல 80 பேருக்கு மேல குணமாகறாங்க. வசதி இல்லாத நாடுகள் பலதுல 30 பேர்கூட குணமாகறதில்லை. 2030க்குள்ள எல்லா நாட்டுலயும் 100க்கு 60 குழந்தையாவது பிழைக்கணும்னு அந்த நிறுவனம் 2018ல ஒரு திட்டம் ஆரம்பிச்சுது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? நோயைக் காலத்துல கண்டுபிடிக்காதது, மருந்து கிடைக்காதது. இதோட, வைத்தியத்தைப் பாதியில விடறதும் ஒரு பெரிய காரணம்.

பாதியில விடற அம்மா, புள்ள மேல பாசம் இல்லாம விடறதில்லை. நாங்க இருந்த வார்டுல பக்கத்துக் கட்டில்ல ஒரு பையன். அவன் அம்மா நடவு, அறுப்புன்னு கூலிக்குப் போறவங்க. நாலாம் மாசத்துல பையனுக்கு முகத்துல தெளிச்சி வந்துடுச்சு, வார்டுல ஓடியாட ஆரம்பிச்சான். அந்த அம்மாவுக்கு ஊர்ல இன்னும் ரெண்டு பொண்ணுங்க, படுத்த படுக்கையா மாமியார், கட்ட வேண்டிய குழுக் கடன். "நல்லாத்தானே இருக்கான், அறுப்பு முடிச்சிட்டு கூட்டிட்டு வர்றேன்"னு என் தங்கச்சிகிட்ட சொல்லிட்டுப் போனாங்க. மூணு மாசம் கழிச்சுத் திரும்பி வந்தப்ப நோயும் திரும்பியிருந்துச்சு. பையன் தங்கலை. மருந்து தோத்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். அந்த வீட்டைத் தாங்க ஆள் இல்லாமப் போச்சு.

நான் இங்க சொல்ல வந்தது இந்த ஒண்ணுதான். குழந்தையோட வைத்தியம் நடக்கணும்னா அம்மா நிக்கணும். அம்மா நிக்கணும்னா வீட்டுச் சுமையில பாதியை வேற யாராவது தூக்கணும்.

அந்தச் சுமை என்னென்னன்னு சொல்றேன்.

நம்ம காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது. ஆனா புதுச்சேரிக்குப் போகணும்னா தமிழ்நாட்டைத் தாண்டித்தான் போகணும். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர்னு பஸ்ஸுலயே பாதி நாள் போயிடும். ஜிப்மர்ல மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கு, சென்னை அடையாறுல புற்றுநோய் மருத்துவமனை இருக்கு. எங்க போனாலும் தூரம்தான். ஊசி போட்ட குழந்தை பஸ்ஸுல வாந்தி எடுக்கும். பக்கத்து சீட்டுக்காரங்க எழுந்து போவாங்க. அவ ஒரு கையில பாலித்தீன் பை, ஒரு கையில தண்ணி பாட்டில், மடியில புள்ளன்னு உட்கார்ந்திருப்பா.

வார்டுல கூட இருக்க ஒரு ஆளுக்குத்தான் அனுமதிச் சீட்டு. கட்டிலுக்குக் கீழ பாய் விரிச்சுப் படுக்கணும். அவசரத்துக்கு பாத்ரூம் போகணும்னாலும் பக்கத்துக் கட்டில் அம்மாகிட்ட "கொஞ்சம் பார்த்துக்கங்க"ன்னு சொல்லிட்டு ஓடணும். தீட்டு நாள்ல அவ பட்ட பாடு பொம்பளைங்க நமக்குத் தெரியும். துணி துவைச்சு ஜன்னல் கம்பியில காய வச்சுக் கட்டுவா. குழந்தைக்கு வாங்கின இட்லியில அது விட்ட மிச்சம்தான் அவளுக்குச் சாப்பாடு. முதல் மாசத்துல குடுக்கற ஒரு மாத்திரை குழந்தைக்கு அகோரப் பசியும் கோபமும் கொண்டுவரும். ராத்திரி ஒரு மணிக்கு சோறு கேட்டு அழும். அடிக்கும், கடிக்கும். நோய் பண்ற வேலை, மருந்து பண்ற வேலைன்னு தெரிஞ்சாலும் தூக்கம் இல்லாத உடம்பு எத்தனை நாள் பொறுக்கும்?

பணத்துக்கு வருவோம். அரசு ஆஸ்பத்திரியில மருந்துக்குக் காசு வாங்கலை. உண்மை. ஆனா ஒரு தடவை போய்வர பஸ், சாப்பாடு, தங்கல் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குக் குறையாது. தங்கச்சி வீட்டுக்காரர் கொத்தனார். கூடப் போற நாளெல்லாம் கூலி போச்சு. அவளுக்கு ஆட்டுப் பால், கீரை வித்து வந்த வரும்படி முதல் வாரமே நின்னுடுச்சு. ஆறு ஆடு இருந்த கொட்டில்ல கடைசியில ஒரு குட்டிதான் மிஞ்சுச்சு. தோடும் செயினும் அடகுக் கடைக்குப் போச்சு. "இலவச வைத்தியம்தானே, இவங்களுக்கு என்ன செலவு"ன்னு ஊர்ல பேசினாங்க.

ஆம்பளைங்களைப் பத்தியும் சொல்லணும். அவரு வீட்டுல அழுது நான் பார்த்ததில்லை. சாரம் கட்டற எடத்துல தனியா நின்னு அழுதாருன்னு கூட வேலை பார்க்கறவங்க சொன்னாங்க. இப்படிப்பட்ட நேரத்துல சில வீட்டுல குடி வந்து உட்கார்ந்துக்கும். அவங்களையும் கூப்பிட்டு நாலு வார்த்தை பேச ஆள் வேணும்.

அடுத்தது பேச்சுச் சுமை. முடி கொட்டின பொண்ணைப் பார்த்து, "எந்தக் கோயிலுக்கு மொட்டை?"ன்னு கேப்பாங்க. தங்கச்சி "வைத்தீஸ்வரன்கோயில்"னு சொல்லிட்டு நடப்பா. "உங்க வம்சத்துல யாருக்காவது இருந்துச்சா?"ன்னு சம்பந்தி வீட்டுல கேட்டாங்க. "மாசமா இருந்தப்ப என்னத்தைத் தின்னியோ"ன்னு ஒருத்தவங்க. "ஒட்டிக்குமா?"ன்னு இன்னொருத்தவங்க.

அக்கா தங்கச்சிகளே, இதைக் கேட்டுக்கங்க. புற்றுநோய் தொட்டா ஒட்டாது, கூடச் சாப்பிட்டா ஒட்டாது. குழந்தைகளுக்கு வர்ற பெரும்பாலான புற்றுநோய்க்குக் காரணம் இன்னதுன்னு மருத்துவத்துக்கே தெரியாது. பரம்பரையா வர்றது கொஞ்சம்தான். அம்மா தின்னதாலயோ திங்காததாலயோ செஞ்ச பாவத்தாலயோ வந்ததுன்னு யாரும் சொல்லக் கூடாது. 2004ல சுனாமி வந்தப்ப நம்ம கடக்கரை ஊருங்கள்ல புள்ளையைப் பறிகொடுத்தவளைப் பார்த்து "நீ என்ன தப்பு பண்ணினே"ன்னு கேட்டோமா? சோறாக்கிக் கொண்டுபோய்க் குடுத்தோம். இதுவும் அப்படி வர்ற அலைதான். ஒரு வீட்டுக்குள்ள மட்டும் வருது, அதனால நம்ம கண்ணுக்குத் தெரியறதில்லை.

திருநள்ளாறு நமக்குப் பக்கத்துல இருக்கு. "சனி பிடிச்சிருக்கு, நளதீர்த்தத்துல முக்கி எடு"ன்னும் சொன்னாங்க. சாமி கும்பிடுங்க, நானும் கும்பிடறேன். ஆனா மருந்தால ரத்தத்துல வெள்ளை அணு குறைஞ்சிருக்கிற நேரத்துல, குளத்துல குளிக்க வைக்கிறதும் கூட்டத்துல நிக்க வைக்கிறதும் அந்தக் குழந்தைக்கு ஆகாது. அந்த வருஷம் மாங்கனித் திருவிழாவுல ஊரே மாம்பழம் பிடிக்க ஓடுச்சு. எங்க பொண்ணு ஜன்னல்ல நின்னு பார்த்தா. பிரார்த்தனையை வீட்டுல இருந்தும் செய்யலாம், டாக்டர் சொன்ன பிறகு கோயிலுக்குப் போய் நேர்த்தியைச் செலுத்தலாம்.

இன்னொரு சுமை யார் கண்ணுலயும் படாதது. தங்கச்சிக்கு மூத்தவன் ஒருத்தன், அப்ப மூணாவது படிச்சான். ஏழெட்டு மாசம் என் வீட்டுலதான் இருந்தான். எதுவும் கேக்க மாட்டான், சமத்தா இருக்கான்னு எல்லாரும் சொன்னாங்க. ஒரு நாள் ராத்திரி, "பெரியம்மா, எனக்கும் காய்ச்சல் வந்தா அம்மா வருவாளா?"ன்னு கேட்டான். அன்னையிலிருந்து தினமும் ராத்திரி போன்ல அம்மாகூட அஞ்சு நிமிஷம் அவனுக்குன்னு ஒதுக்கினோம். அந்த நேரத்துல தங்கச்சிப் பாப்பா பேச்சு எடுக்கக் கூடாது, அவன் பள்ளிக்கூடம், அவன் மார்க்கு, அவன் சண்டை மட்டும்தான். நோய் வந்த புள்ளைக்கு டாக்டர் இருக்காரு. நோய் வராத புள்ளைக்கு நாமதான் இருக்கணும்.

சரி, குழு என்ன செய்ய முடியும்? எங்க குழு செஞ்சதையும், இன்னும் செய்யக் கூடியதையும் வரிசையா சொல்றேன். பெரிய காரியம் எதுவும் இல்லை.

ஒண்ணு, கடன் தவணை. வங்கிக் கடன்ல தங்கச்சியோட மாசத் தவணை 1,300 ரூபாய். குழுவுல நாங்க 14 பேர். அவளைத் தவிர 13 பேரும் ஆளுக்கு 100 ரூபாய் போட்டு அஞ்சு மாசம் கட்டினோம். தீர்மான நோட்டுல எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். வட்டி இல்லாத கைமாத்து. இப்ப அவ கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பித் தர்றா. உள்கடன்ல ஆறு மாசம் அசலை நிறுத்தி வச்சோம். குழுவோட பேரும் கெடலை, அவ ராத்திரி தூக்கமும் கெடலை.

ரெண்டு, வீடு. விளக்கு ஏத்தறது, மிச்சம் இருந்த ஆட்டுக்குத் தழை போடறது, ரேஷன் வாங்கி வைக்கிறது, மாமியாருக்கு மாத்திரை குடுக்கறது. கிழமைக்கு ஒருத்தர்னு பிரிச்சுக்கிட்டோம்.

மூணு, கூட இருக்கிறது. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை எங்கள்ல ஒருத்தர் போய் அவ இடத்துல இருந்தோம். அந்த ஒரு ராத்திரி அவ வெளியில தங்கி, தலைக்குக் குளிச்சு, ஒரே மூச்சாத் தூங்கினா. பணம் குடுத்ததைவிட அதைத்தான் அவ இன்னிக்கும் சொல்றா.

நாலு, ரத்தம். இந்த வைத்தியத்துல ரத்தமும் தட்டணுவும் அடிக்கடி தேவைப்படும். தட்டணுவை எடுத்தா அஞ்சு நாளுக்கு மேல வச்சிருக்க முடியாது. அதனால புதுசு புதுசா ஆள் வேணும். 18 வயசு முடிஞ்சு, 45 கிலோவுக்குக் குறையாம எடை இருந்து, ரத்தச் சோகை இல்லாதவங்க ரத்தம் குடுக்கலாம். ஆம்பளைங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவை, பொம்பளைங்க நாலு மாசத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு குழு நோட்டுலயும் வீட்டு ஆளுங்களோட ரத்த வகையை எழுதி வைங்க. எங்க ஊர்ப் பையனுங்க அஞ்சு பேர் விடியக்காலை பஸ் ஏறிப் போய்க் குடுத்துட்டு வந்தாங்க.

அஞ்சு, ராத்திரிக் காய்ச்சல். ஊசி மருந்து ஏறிக்கிட்டிருக்கிற குழந்தைக்குக் காய்ச்சல் வந்தா மாத்திரை போட்டு விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். எந்த நேரத்துக்கும் வர்ற ஒரு ஆட்டோவோ காரோ, அதோட நம்பரை அந்த வீட்டுச் சுவத்துல எழுதி வைங்க. வாடகையைக் குழு ஏத்துக்கட்டும்.

ஆறு, காகிதம். இதுல படிச்ச தங்கச்சிங்க உதவணும். பிரதமர் காப்பீட்டுத் திட்டம், அதாவது ஆயுஷ்மான் பாரத்துல, ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும் வைத்தியம் உண்டு. அதுக்குச் சேர முடியுமான்னு விசாரிங்க. நம்ம சிவப்பு அட்டையைக் கொண்டுபோய்த் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுல கேட்டா கிடைக்காது, அது தமிழ்நாட்டு ரேஷன் அட்டைக்காரங்களுக்கு. அந்தப் பக்கம் நாகப்பட்டினத்துலயும் மயிலாடுதுறையிலயும் வாக்கப்பட்ட நம்ம பொண்ணுங்களுக்கு அது உண்டு. அட்டையில குழந்தை பேரு சேர்ந்திருக்கான்னு இன்னிக்கே பாருங்க. நோய் வந்த பிறகு பேரு சேர்க்க அலையறது பெரிய கொடுமை. ரயில்ல, வைத்தியத்துக்குப் போற புற்றுநோயாளிக்கு சாதாரண ஸ்லீப்பர்ல டிக்கெட் முழுசா இலவசம், கூடப் போற ஒருத்தருக்கு நாலுல ஒரு பங்கு கட்டணம்தான். அதுக்கு ஆஸ்பத்திரியில உரிய படிவத்துல சான்று வாங்கி, டிக்கெட் கவுன்ட்டர்ல குடுக்கணும். வெளியூர்ல தங்க, செயின்ட் ஜூட் மாதிரி இலவசத் தங்குமிடங்கள் இருக்கு. 2006ல மும்பையில ஆரம்பிச்சாங்க, இப்ப சென்னையிலயும் நடத்தறாங்க. ஆஸ்பத்திரியில இருக்கிற சமூகப் பணியாளர்கிட்ட இதெல்லாம் கேளுங்க. கேட்டாத்தான் சொல்வாங்க.

இது நம்மால ஆகுமான்னு நினைக்காதீங்க. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைக் கட்டினது யாரு தெரியுமா? ஒரு மாதர் சங்கம். புதுக்கோட்டையில பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மா 1923ல தன் தங்கச்சியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தாங்க. அந்த வேதனையை மனசுல வச்சு, இந்திய மாதர் சங்கத்தோட சேர்ந்து நிதி திரட்டினாங்க. 1952ல நேரு அடிக்கல் நாட்டினாரு. 1954ல 12 படுக்கையோட ஆஸ்பத்திரி திறந்தாங்க. அடுத்த வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மா, 2021ல கண்ணை மூடற வரைக்கும் அங்கேயே உழைச்சாங்க. கூட இருந்து பார்த்த ஒரு அக்காவோட துக்கத்துல முளைச்சது அந்த ஆஸ்பத்திரி. அவங்க ஆஸ்பத்திரியே கட்டினாங்க. நாம ஆளுக்கு 100 ரூபாயும் ஒரு ராத்திரியும் குடுக்க முடியாதா?

சின்னக் குழந்தைங்க வச்சிருக்கிறவங்க இதையும் மனசுல வைங்க. விடாத காய்ச்சல், வெளுத்துப் போறது, அடிபடாமலே உடம்புல நீலம் நீலமாத் திட்டு, கழுத்துலயோ வயித்துலயோ கட்டி, கால் எலும்பு வலின்னு நொண்டறது, காலையில தலைவலியோட வாந்தி, கண்ணு பாப்பாவுல வெள்ளையாத் தெரியறது. இதெல்லாம் இருந்தா புற்றுநோய்தான்னு அர்த்தம் இல்லை. ஆனா கை வைத்தியம் பார்த்து நாள் கடத்தாம ஆஸ்பத்திரியில காட்டணும்.

எங்க பொண்ணுக்கு மாத்திரை முடிஞ்சு ஒரு வருஷம் ஆகுது. இப்ப நாலாவது படிக்கிறா. மூணு மாசத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குப் போறாங்க. வைத்தியம் முடிஞ்சாலும் தங்கச்சிக்குப் பயம் முடியலை. பொண்ணு தும்மினாலே நெத்தியில கை வைக்கிறா. அதனால "அதான் சரியாயிடுச்சே"ன்னு சொல்லி நாம விலகிடக் கூடாது.

பறிகொடுத்த அம்மாக்களைப் பத்தி ஒரு வார்த்தை. அவங்களை வளைகாப்புக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் கூப்பிடத் தயங்கறோம். கூப்பிடுங்க. அந்தப் புள்ளையோட பேரைச் சொல்லிப் பேசுங்க. பேசினா அழுவாங்கன்னு பயந்து பேரையே எடுக்காம இருந்தா, அந்தப் புள்ள பொறக்கவே இல்லைங்கற மாதிரி ஆயிடும். குழுக் கூட்டத்துல அவங்க இடம் அவங்களுக்கு இருக்கட்டும்.

கடைசியா கூட்டமைப்புக்கு என் கோரிக்கை மூணு. நீண்ட நாள் வைத்தியத்துல இருக்கிற குழந்தையோட அம்மாவுக்கு ஆறு மாசம் தவணைத் தளர்வு, எல்லாக் குழுவுக்கும் பொதுவா. ஒவ்வொரு குழுவும் மாசம் ஒரு சிறு தொகை போட்டு வழிச் செலவுக்குன்னு தனி நிதி. ரத்த வகை எழுதின ஒரு நோட்டு. இந்த மூணையும் அடுத்த பொதுக்குழுவுல தீர்மானமாக் கொண்டுவரணும்னு கேட்டுக்கறேன். எங்க குழுவிலிருந்து முதல் மாசப் பணத்தைப் பொருளாளர் அக்காகிட்ட இன்னிக்கே கட்டிட்டோம்.